விரல் மரத்துப்போவதற்கு ராத்திரியில் கட்டும் மணிக்கட்டுப் பட்டை: நான்கு மாதம் போட்டுப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டை எனக்கு நன்றாகவே வேலை செய்தது, என் அண்ணனுக்குக் கொஞ்சம்கூட வேலை செய்யவில்லை. இரண்டும் ஒரே நிறுவனத்துப் பட்டை, ஒரே அளவு. என்னுடையது வலது கைக்கு, அவருடையது இடது கைக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அட்டைப்பெட்டியின் மேல் இரண்டிலும் கை விரல் மரத்துப்போவதற்கு என்றுதான் அச்சடித்திருந்தது. மரத்துப்போதல் என்கிற ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான கோளாறு இருக்கிறது என்று தெரியாமல் நான் வாங்கினேன், தெரியாமலே அண்ணனையும் வாங்கச் சொன்னேன், அதில் அவருக்கு ஆறு வாரம் வீணாகப் போனது. வாங்க நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தொடங்கியது என்றால், ராத்திரி இரண்டு மூன்று மணிக்குத் தூக்கம் கலையும், கண் திறப்பதற்கு முன்னாலேயே வலது கை யாரோ ஒருவருடைய கை போல இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று தடித்துப்போனது போல, நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி, சில நாள் ஊசியால் குத்துகிற மாதிரி. எழுந்து உட்கார்ந்து, பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறுவது போலக் கையை உதறுவேன், இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், மறுபடி படுத்துவிடுவேன். கையைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருப்போம், ரத்தம் ஓடியிருக்காது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் பகலிலும் வர ஆரம்பித்தது, போனைப் பிடித்துப் படிக்கும்போது, கார் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது. ஒரு நாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. பொத்தான் விரலுக்கு நடுவில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதே தெரியவில்லை, குனிந்து கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பயம் வந்த அன்றே டாக்டரிடம் போயிருக்கலாம். நான் போனில் தேடி இந்தப் பட்டையை வாங்கினேன்.

பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், உள்ளங்கையின் நடுவிலிருந்து முன்கையின் பாதி வரை வரும் ஒரு துணி உறை அது. கட்டைவிரலை நுழைக்க ஒரு ஓட்டை, இழுத்து ஒட்ட மூன்று வெல்க்ரோ பட்டிகள், உள்ளங்கைப் பக்கம் நீளமாக ஒரு பை, அதற்குள் ஒரு அலுமினியத் தகடு. விரல்களை மடக்கலாம், நீட்டலாம், மணிக்கட்டு மட்டும் அசையாது. தையல் நன்றாக இருக்கிறது, தகட்டின் முனைகளை உருட்டி மழுக்கியிருக்கிறார்கள், குத்தவில்லை. முதல் வாரம் போட்டுப் படுத்தேன். மரப்பு குறையவில்லை, இரண்டு ராத்திரி முன்பைவிட மோசமாகவே இருந்தது. காலையில் கழற்றினால் தோலில் வெல்க்ரோவின் ஓரம் சிவப்புக் கோடாகப் பதிந்திருக்கும். பட்டை சரியில்லை, திருப்பி அனுப்பிவிடலாம் என்று பெட்டியில் மடித்தும் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன், அந்தப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தெந்த விரல்?" நான் எல்லா விரலும் என்றேன். "சுண்டு விரலுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்தேன், சுண்டு விரல் ஒரு நாளும் மரத்ததே இல்லை. மோதிர விரலில் நடுவிரலைத் தொட்டிருக்கும் பாதி மரக்கிறது, சுண்டு விரல் பக்கத்துப் பாதி மரக்கவில்லை. ஒரே விரலை நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருப்பதை அன்றைக்குத்தான் நானே தொட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோடு சும்மா வந்ததில்லை. கட்டைவிரல் தொடங்கி மோதிர விரலின் இந்தப் பாதி வரை நுனி உணர்வைத் தருவது மீடியன் என்ற நரம்பு, அந்தப் பாதிக்கும் சுண்டு விரலுக்கும் தருவது அல்நார் என்ற வேறொரு நரம்பு. எந்த விரல் என்று சொன்னாலே எந்த நரம்பு என்று பாதி தெரிந்துவிடுகிறது.

பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டுகளை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். நாற்பது வினாடிக்குள் ராத்திரி வருகிற அதே மதமதப்பு வந்துவிட்டது. இதற்கு ஃபேலன் சோதனை என்று பெயராம். மணிக்கட்டின் உள்பக்கம் விரலால் லேசாகத் தட்டினார், நடுவிரல் நுனிக்கு மின்சாரம் போன மாதிரி சுரீர் என்றது. அது டினெல் சோதனை, ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1915இல் எழுதி வைத்தது. ஆகக்கூடி எனக்கு இருந்தது கார்ப்பல் டனல். மணிக்கட்டில் மூன்று பக்கம் எலும்பும் மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டையுமாக ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது, அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் இந்த மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். மணிக்கட்டை மடக்கினாலும் சரி, பின்னால் வளைத்தாலும் சரி, சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். தூக்கத்தில் நாம் பல பேர் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் படுக்கிறோம், அதனால்தான் ராத்திரியில் வருகிறது.

இப்போது பட்டைக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்து காட்டியதும் அவர் தகட்டை வெளியே உருவினார். பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார், மேல்நோக்கி நன்றாக வளைந்திருந்தது. அந்த வளைவு மணிக்கட்டைப் பின்பக்கம் தூக்கி நிறுத்தும், சுளுக்குக்கும் மணிக்கட்டு தொங்கிப்போனவர்களுக்கும் அது உதவும், என் பிரச்சினைக்கு அது எதிரி. மேசை விளிம்பில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தி அந்தத் தகட்டை நேராக்கினார், கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துப் பார்த்து. திரும்பப் பைக்குள் செருகி என் கையில் மாட்டி, வெல்க்ரோவுக்கு அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைகிறதா என்று பார்த்தார். "கை குலுக்க நீட்டுற மாதிரி நேரா இருக்கணும், அவ்வளவுதான், இறுக்கிக் கட்டினா நீங்களே நரம்பை அழுத்துற மாதிரி ஆயிடும்" என்றார்.

அன்று ராத்திரி எழுந்திருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பல வாரத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். முதல் பத்து நாளில் ராத்திரி மரப்பு பெருமளவு போய்விட்டது. பகலில் வருவது குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பட்டை அதே பட்டைதான், தகட்டின் வளைவுதான் மாறியது. இதைப் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கலாமே என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. துவைக்கும் முறையை நான்கு படம் போட்டு விளக்கியவர்கள் தகட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஆனால் பட்டை அழுத்தத்தைக் குறைக்கும், உள்ளே ஏன் வீங்கியது என்று சொல்லாது. டாக்டர் அத்தோடு விடவில்லை. கர்ப்பமா என்று கேட்டார் (கர்ப்பக் காலத்தில் உடம்பில் நீர் தேங்கி இது வருவது மிகச் சாதாரணம், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே போய்விடும்), மூட்டு வீக்கம் உண்டா என்று கேட்டார், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றுக்கும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். எனக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்பது அந்த டெஸ்டில்தான் தெரியவந்தது. ஒரு வருடமாக உடம்பு அசதி, முடி கொட்டுவது, எடை ஏறுவது எல்லாம் இருந்தும் அதையும் விரலையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். பட்டையை மட்டும் நம்பி, தூக்கம் நன்றாக வருகிறது என்று விட்டிருந்தால் இது எத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்குமோ.

இனி அண்ணன் கதை. எனக்குச் சரியான சந்தோஷத்தில் இருந்தபோது அவர் போன் செய்து, "எனக்கும் விரல் மரத்துப்போகுதும்மா" என்றார். எந்த விரல் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியை நான் அவரிடம் கேட்காமல் பட்டையின் பெயரைச் சொன்னேன், தகட்டை நேராக்கவும் சொன்னேன். அவர் ஆறு வாரம் ஒரு நாள் விடாமல் போட்டார். நேரில் பார்க்கப் போனபோது ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார், அப்போதுதான் கவனித்தேன், இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் மேடாக இருக்க வேண்டிய சதை குழிவிழுந்திருந்தது. கேட்டால் மரக்கிறது சுண்டு விரலும் மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும். அல்நார் நரம்பு.

அது மணிக்கட்டுச் சுரங்கம் வழியாகப் போவதே இல்லை. முழங்கையின் உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்குமே, அந்த இடத்தில் தோலுக்கு ஒட்டினாற்போல் போகிறது. முழங்கையை மடக்கி வைத்தால் நரம்பு இழுபடும், மேசை விளிம்பில் ஊன்றினால் நசுங்கும். அண்ணன் நாள் முழுக்க இடது கையில் போனைக் காதில் வைத்துப் பேசுகிற வேலையில் இருப்பவர், தூங்குவதும் கையை மடித்து முகத்துக்கு அடியில் வைத்துத்தான். மணிக்கட்டில் எத்தனை பட்டை கட்டினாலும் முழங்கைக்கு என்ன பயன்? டாக்டர் ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்தார், இடது கையில் கட்டைவிரல் நுனி மடங்கிக்கொண்டது, சரியான சதை பலமில்லாமல் வேறு தசை வந்து உதவுகிறது என்று அதற்கு அர்த்தம். நரம்பு டெஸ்டும் எடுத்தார்கள். சின்னச் சின்ன ஷாக் கொடுத்து நரம்பில் சமிக்ஞை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள், சுளீர் சுளீர் என்று இருக்குமே தவிரத் தாங்கக்கூடியதுதான். கை சில்லென்று இருந்தால் வேகம் குறைவாகக் காட்டிவிடும், அதனால் முதலில் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். அவருக்கு முழங்கையில்தான் தடை தெரிந்தது. இப்போது ராத்திரியில் முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிப் படுக்கிறார், போனுக்கு இயர்போன் போட்டுக்கொள்கிறார், ஒரு மாதத்துக்குப் பிறகு ஆபரேஷன் தேவையா என்று பார்ப்பார்கள். மரப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. சதை திரும்புவதற்கு நாளாகுமாம், அறுந்துபோன நரம்பு இழை திரும்ப வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், முழங்கையிலிருந்து விரல் வரை எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தால் மனசு கனத்துப்போகிறது.

இந்தப் பட்டையை வாங்குமுன் உங்கள் விரலை நீங்களே கவனியுங்கள். கட்டைவிரல் பக்கத்து மூன்றரை விரல், ராத்திரியில் அதிகம், உதறினால் சரியாகிறது என்றால் இது உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுண்டு விரல் பக்கம் என்றால் வேண்டாம். கழுத்தைத் திருப்பும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ தோளிலிருந்து கை வழியாக வலி இறங்கி விரலில் மரக்கிறது என்றால் கழுத்து எலும்புக்கிடையே நரம்பு வேர் நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அதில் ஒரு குழப்பம் உண்டு, ஆறாவது கழுத்து நரம்பு வேர் பாதிக்கப்பட்டாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மரக்கும், பார்க்கக் கார்ப்பல் டனல் போலவே இருக்கும், இரண்டும் சேர்ந்தே ஒருவருக்கு இருப்பதும் உண்டு. குளிரில் விரல் நுனி சுண்ணாம்பு போல வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து எரிந்தால் அது ரத்தக்குழாய் சுருங்குவது, ரேனாட் என்பார்கள், அதற்குக் கையைக் கதகதப்பாக வைப்பதுதான் முதல் வேலை. மனப்பதற்றத்தில் மூச்சு வேகமாக வாங்கும்போது விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுக்கும், கால்சியம் குறைந்தாலும் அப்படியே. தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்து, அதில் தொடுவதோ சூடோ தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று சோதிக்க வேண்டும். பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம், மருந்தால் முழுதாகக் குணமாகிற நோய் அது, நரம்பு கெடுமுன் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். சில புற்றுநோய் மருந்துகளும் விரல் நுனியை மரக்க வைக்கும், அது அந்த டாக்டரிடமே சொல்ல வேண்டியது.

இரண்டு கையும் ஒரே மாதிரி, அதோடு பாதமும் மரக்கிறது என்றால் மணிக்கட்டில் தேடிப் பயனில்லை. ரத்தத்தில் தேட வேண்டும். நீண்ட நரம்புகள்தான் முதலில் அடிபடும் என்பதால் சர்க்கரை வியாதியில் பெரும்பாலும் கால் விரலில் தொடங்கி மேலேறி, அப்புறம்தான் கை விரலுக்கு வரும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை வியாதி என்று கணக்கு. பி12 குறைந்தாலும் இப்படி வரும், கூடவே நடையில் தள்ளாட்டம், நாக்கு வழவழப்பாகிப் புண்ணாவது. பால், முட்டை, இறைச்சி எதுவும் சேர்க்காதவர்கள், இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள், இவர்களுக்கெல்லாம் பி12 குறைய வாய்ப்பு அதிகம். நெடுநாள் குடிப்பழக்கமும் நரம்பைத் தின்னும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டை வாங்கிய பக்கத்திலேயே 'சேர்த்து வாங்குங்கள்' என்று ஒரு நரம்புச் சத்து மாத்திரையைக் காட்டினார்கள், நானும் வாங்கிவிட்டேன். அதில் வைட்டமின் பி6 இருந்தது, நிறைய. பி6 அளவுக்கு மீறிப் பல மாதம் உள்ளே போனால் அதுவே விரலையும் பாதத்தையும் மரக்க வைக்கும். மரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மரப்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம்தான் மேல் வரம்பு என்று வைத்திருக்கிறது, அமெரிக்காவில் அதே வரம்பு 100 மில்லிகிராம். அட்டையில் உள்ள அளவைப் படித்துவிட்டு, டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். நான் நிறுத்திவிட்டேன்.

எதற்கும் காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. திடீரென்று ஒரு பக்கக் கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம், நிமிடம் கணக்கு, உடனே ஆஸ்பத்திரி. காலில் தொடங்கிய மரப்பு சில நாளுக்குள் மேலேறி, காலிலும் கையிலும் பலம் குறைந்தாலும் உடனே. கை வேலை தடுமாறி நடையும் தடுமாறினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், தண்டுவடம் அழுந்துகிறதா என்று அவசரமாகப் பார்க்க வேண்டும்.

சரி, மறுபடி பொருளுக்கு. நான்கு மாதத்தில் தெரிந்த குறைகள்: உள்பக்கத் துணி வியர்வையைக் குடித்து ஒரு வாரத்தில் வாடை அடிக்கிறது. தகட்டை உருவிவிட்டுக் கையால் துவைத்து நிழலில் காயவைக்கிறேன், காய ஒரு பகல் முழுக்க ஆகிறது, அதனால் காலையிலேயே துவைத்துவிட வேண்டும். அடியில் மெல்லிய பருத்திக் காலுறையின் பாதம் வெட்டிய குழாயைப் போட்டுக்கொண்ட பிறகு அரிப்பு நின்றது. நடு வெல்க்ரோ மூன்றாவது மாதத்தில் பிடிமானம் இழந்தது, அதில் சிக்கியிருந்த நூலையும் முடியையும் ஊசியால் எடுத்த பிறகு மறுபடி பிடிக்கிறது. அளவு எடுக்கும்போது மணிக்கட்டின் சுற்றளவை மாலையில் அளந்து வாங்குங்கள், அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும். இரண்டு கைக்கும் பொது என்று விற்பதைவிட வலது இடது தனித்தனியாக வருவது நன்றாகப் பொருந்துகிறது. பகலில் இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யப் பார்த்தேன், தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம், ராத்திரிக்கு மட்டும் போதும். தகடே இல்லாத மீள் உறைகள், செம்பு கலந்த கையுறைகள், காந்தம் வைத்த வளையல்கள் எல்லாம் பக்கத்திலேயே விற்கிறார்கள், மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்காத எதையும் நான் இதற்காக வாங்க மாட்டேன்.

எத்தனை நாள் பார்ப்பது? எனக்கு டாக்டர் சொன்னது ஆறு வாரம். அதற்குள் தெளிவான வித்தியாசம் இல்லையென்றால் திரும்பி வரச் சொன்னார். சுரங்கத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம், அதற்கும் மேலே என்றால் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது, கையை மட்டும் மரக்க வைத்துச் செய்வது. மரப்பு ஓயாமல் இருந்தாலோ, கட்டைவிரல் அடியில் உள்ள சதைமேடு தட்டையாகிக்கொண்டு வந்தாலோ ஆறு வாரம்கூட எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், சதை போன பிறகு ஆபரேஷன் செய்தாலும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

பட்டைக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பெட்டிக்கும் அதன் மேல் போட்டிருந்த வாசகத்துக்கும் ஒன்று. இப்போது பொத்தானைப் பார்க்காமலே போடுகிறேன். போன வாரம் இடது கையிலும் ராத்திரி லேசாகத் தொடங்கியது, அதே மூன்று விரல். அண்ணனுக்குப் பயன்படாத இடது கைப் பட்டையை அவரே கொண்டுவந்து கொடுத்தார், "உனக்காவது உதவட்டும்மா" என்று. தகட்டை உருவிப் பார்த்தேன், நான் சொன்னபடியே நேராக்கி வைத்திருந்தார்.